கடைசிப் படகுக்குப் பின் விலகும் திரை

யாழ்ப்பாண நகரத்து மதில்களுக்கு ஓய்வில்லை. தேர்தற் சுவரொட்டி கிழிந்து தொங்கும் இடத்திலே இசைவிழாச் சுவரொட்டி ஏறுகின்றது. அதன்மேல் ஒரு நடன அரங்கேற்ற அறிவித்தல். அதற்கும் மேலே தென்னிந்தியத் திரைப்பாடகர் ஒருவரின் புன்னகை. வீரசிங்கம் மண்டபத்திலே நாடகம், திருவள்ளுவர் பண்பாட்டு மையத்திலே நாட்டியம், முற்றவெளியிலே பெரும் இசைநிகழ்ச்சி, நல்லூர்த் திருவிழாக் காலத்திலே பாட்டும் சொற்பொழிவும். 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், ஓலம் மட்டுமே கேட்ட மண்ணிலே மத்தளமும் வீணையும் மறுபடியும் ஒலிப்பதைக் கண்டு மகிழாத தமிழர் எவரும் இரார். நாமும் மகிழ்கின்றோம்.

ஆயினும் அந்தச் சுவரொட்டிகளின் அடியிலே சிறிய எழுத்தில் அச்சிடப்படும் நேரத்தை வாசகர்கள் ஒருமுறை கவனித்தல் வேண்டும். மாலை ஐந்தரை, மாலை ஆறு, மாலை ஆறரை. நகரத்தவருக்கு அது வசதியான வேளை. அலுவலகம் முடிந்து, முகங்கழுவி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அமரலாம். எழுவைதீவில் வாழும் ஒரு குடும்பத்துக்கோ அது கதவடைப்பு.

எழுவைதீவு எங்குள்ளது என்று நகரத்து நண்பர்கள் சிலருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஊர்காவற்றுறை இறங்குதுறையிலே நின்று மேற்கே பார்த்தால் பனைமரங்களின் கோடொன்று கடலின்மேல் தெரியும். அதுவே எழுவைதீவு. முருகன் கோயில் ஒன்று, தோமையார் ஆலயம் ஒன்று, சிறிய பாடசாலைகள், மீன்பிடிக்கும் குடும்பங்கள், பனந்தோப்பு. ஆயிரம் பேருக்கும் குறைவானவர்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்கள் நகருக்கு வரவேண்டின் முதலிற் படகேறி ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். அங்கிருந்து பஸ்ஸிலே வேலணை கடந்து, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் சேரவேண்டும். பொழுது சாயுமுன் திரும்பவும் வேண்டும். ஏனெனில் இரவிலே படகுச் சேவை இல்லை. ஆறு மணிக்குத் திரை விலகும் நாடகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட எழுவைதீவார் ஒருவர், நாடகம் முடிந்து வெளியே வரும்போது அவரை வீட்டிற் சேர்ப்பிக்க இவ்வுலகிலே எந்த வாகனமும் காத்திருப்பதில்லை. நகரத்திலே உறவினர் வீடு உண்டாயின் ஒரு பாயும் தலையணையும் கிடைக்கும். உறவினர் இல்லாதவருக்கு நாடகமும் இல்லை.

தீவகத்து முதியவர்களிடத்தே ஒரு நகைச்சுவை உண்டாகும் இடம் இது. யாழ்ப்பாணத்திலே கச்சேரி என்றால் இரண்டு பொருள். ஒன்று பாட்டுக் கச்சேரி. மற்றது அரசாங்க அதிபர் வீற்றிருக்கும் கச்சேரி. காணி உறுதிக்கும் பிறப்புப் பதிவுக்கும் வறட்சி நிவாரணத்துக்குமாகத் தீவகத்தார் அலைந்து திரிந்து அறிந்துகொண்ட கச்சேரி இரண்டாவதுதான். அது பகலிலே நடக்கின்றபடியால் அதற்கு அவர்கள் போய்த் திரும்ப முடிகின்றது. முதலாவது கச்சேரி இருட்டியபின் நடப்பது. அதன் ஓசை பண்ணைக்கு அப்பாற் போவதில்லை.

"சில நூறு பேருக்காகவா இத்தனை ஆரவாரம்?" என்று கேட்பாரும் உளர். கேட்கட்டும். தமிழருக்கு அளிக்கப்படவேண்டியவை குறித்துத் தலைநகரத்தோடு வாதிடும்போது, எண்ணிக்கையை வைத்து உரிமையை அளக்கக்கூடாது என்று சொல்லிவந்தவர் நாம். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாகக் கடல்நடுவே இருப்போரிடத்து நாமே அந்த அளவுகோலை எடுப்பது எங்ஙனம் பொருந்தும்?

கடல் தடையென்று சொல்வது எமது வரலாற்றுக்குப் புறம்பான பேச்சு. ஒரு காலத்திலே நாடகம் எமக்கு வந்ததே கடல்வழியாகத்தான். பாக்கு நீரிணையைக் கடந்து, திரைச்சீலைகளையும் ஆர்மோனியத்தையும் உடுப்புப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு தென்னிந்திய நாடகக் கம்பெனிகள் வந்தன. 1920களின் பிற்பகுதியிலே எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலாக இணைந்து நடித்தது மதுரையிலன்று, சென்னையிலுமன்று. கொழும்பிலே என்பது நாடறிந்த செய்தி. யாழ்ப்பாணத்திலே தகரக் கொட்டகை போட்டு அந்த நாடகங்களை ஆடியமையால் மக்கள் அவற்றைக் கொட்டகைக் கூத்து என்றே அழைத்தனர். அக்கொட்டகைகளிலே பாட்டுக் கேட்டு வளர்ந்த எமது கலைஞர்கள் அக்கலையைத் தமதாக்கிக்கொண்டனர். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து, மயான காண்டத்திலே அரிச்சந்திரனாக நின்று பாடியபோது, கேட்டோர் கண்ணீர் விட்டனர். 1989இல் அவர் மறையுமட்டும் அவர் ஏறாத ஊர்மேடை எது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பாக்கு நீரிணையைக் கடந்து வந்தது ஒரு கலை. ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் இடையிலுள்ள சிறு கடலைக் கடக்க அதற்கு இன்று இயலவில்லையாம்!

கொட்டகைக்கும் முந்தியது களரி. கூத்தின் அமைப்பை நோக்குவோர் ஓர் உண்மையை எளிதிலே காணலாம். அது ஏன் விடியுமட்டும் ஆடப்பட்டது? பொழுதுபோக்க வேறொன்றும் இல்லாத காலம் என்று சிலர் அலட்சியமாகச் சொல்வர். எமது கருத்து வேறு. இரவிலே வழியில்லாத ஊர்களின் கலை அது. அயலூரிலிருந்து வண்டில் கட்டி வந்தவனும், அயல்தீவிலிருந்து வள்ளத்திலே வந்தவனும் இருட்டிலே திரும்ப முடியாது. ஆகவே கட்டியகாரன் தோன்றும் வேளைமுதல் மங்களம் பாடும் வேளைவரை கூத்து அவனை இருத்திவைத்தது. கிழக்கு வெளுக்கும்போது கூத்து முடியும், காற்றும் தணிந்திருக்கும், வள்ளம் புறப்படும். பாயும் போர்வையும் கொண்டுவந்து, பிள்ளைகளை மடியிலே உறங்கவைத்து, இடையிலே கச்சானும் தேநீருமாக இருந்த அந்தக் கூட்டத்தின் இரவுக்கு அளவாக வெட்டித் தைக்கப்பட்ட உடுப்பு அது. இரண்டு மணிநேரத்திலே முடிந்துவிடும் மண்டப நாடகமோ, வாசலிலே மோட்டார் வண்டி நிற்கும் மனிதனுக்கு அளவெடுத்தது.

இதைச் சொல்லும்போது பேராசிரியர் சு. வித்தியானந்தனை நாம் குறைகூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். படித்தவர்கள் கூத்தென்றால் முகஞ்சுளித்த காலத்திலே, அதனைப் பேராதனைப் பல்கலைக்கழகத்து மேடையிலே ஏற்றி, கண்டோர் வியக்கச் செய்தவர் அவர். 1962இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன் என்று அவர் மேடையேற்றிய கூத்துக்கள், இரவு முழுதும் ஆடப்பெற்றதைச் சுருக்கி, மண்டபத்திலே அமர்ந்திருப்போர் பார்த்து முடிக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தவை. அவ்வாறு செய்திராவிடின் கூத்து எமது தலைமுறையை எட்டியிருக்குமோ என்பதே ஐயம். ஆனால் அவர் செய்த வேறொன்றைப் பலர் மறந்துவிட்டனர். மண்டபத்திலே இருந்துகொண்டு அண்ணாவிமாரை வரவழைத்தவர் அல்லர் அவர். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் ஊரூராகப் போனார்; அண்ணாவிமாரை அவர்களின் முற்றத்திலே கண்டார்; ஏட்டுப் பிரதிகளைத் தேடி அச்சேற்றினார்; போட்டிகளும் மகாநாடுகளும் வைத்தார். சுருக்கிய கூத்தை அவரிடமிருந்து பெற்றுக்கொண்ட எமது நிறுவனங்கள், ஊரூராகச் சென்ற அவருடைய காலைப் பெற்றுக்கொள்ளவில்லை.

தீவகத்திலே கூத்தென்றால் ஒருநாட் காட்சியன்று. ஊர்காவற்றுறைத் தீவிலே நாரந்தனை, மெலிஞ்சிமுனை போன்ற ஊர்களிலே கத்தோலிக்க மக்கள் தென்மோடிக் கூத்தை வழிவழியாகப் பேணினர். அர்ச்சிட்டர்களின் சரிதங்கள் அங்கே தருக்களாயின. சைவ ஊர்களிலே நேர்த்திக்காகக் காத்தவராயன் ஆடப்பட்டது. அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து சட்டம் கொடுப்பார். தொழிலால் வந்த களைப்போடு இரவிலே கூடிப் பல மாதம் பழகுவர். மத்தளத்துக்கு ஒருவர், சல்லாரிக்கு ஒருவர், பிற்பாட்டுக்கு நால்வர். வெள்ளுடுப்பு ஒத்திகையன்றே பாதி ஊர் வந்துவிடும். அரசனாக வருபவன் அடுத்தநாள் வலை இழுப்பவன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் களரியிலே நிற்கும்வரை அவனை அரசனாகவே மதிப்பர். கணவன் மனைவிக்குள் பிணக்கு, வேலித் தகராறு, இரண்டு வருடம் பேசாதிருந்த சகோதரர்கள் எல்லாம் ஒரே களரிக்கு வரவேண்டிய கட்டாயத்தால் முகம்பார்த்துக்கொண்டதுமுண்டு. இவ்வாறான ஒரு கலை ஓர் ஊரிலே பத்தாண்டு ஆடப்படாதிருந்தால் என்ன நேரும்? பிரதி இருக்கும், பாடுகின்ற இராகம் போய்விடும். இராகம் அறிந்த கிழவர் இருப்பார். அவரிடம் சட்டம் வாங்க ஓர் இளைஞன் இரான். அடுத்த மழைக்காலத்துக்குள் கிழவரும் போய்விடுவார்.

தீவகத்துக் களரிகள் தாமாக வெறுமையாகிவிடவில்லை. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பிரயாணஞ் செய்த ஆண், பெண், குழந்தைகள் நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். படகேறுவதே அச்சமாயிற்று. 1990 ஓகஸ்ட்டிலே இராணுவம் ஊர்காவற்றுறையிலே இறங்கியபின் தீவகத்தின் ஊர்கள் பல வெறிச்சோடின. பெயர்ந்தவர்களிற் பலர் வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர் பாரிசுக்கும் இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் போயினர். ஈழத்தமிழர் இன்று அந்நகரங்களிலே கூத்து மேடையேற்றுகின்றனர். குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டு மகுடம் தரிக்கின்றனர். அது போற்றத்தக்கது. ஆனால் அந்தத் தருவைப் பாடப் பிறந்த கடற்கரையிலே அது கேட்கவில்லை என்றால் அந்தப் போற்றுதலை எந்த முகத்தோடு செய்வது?

மேடையும் மண்டபமும் எமக்கு வெறும் களிப்புக்குரிய இடங்களாக என்றுமே இருந்ததில்லை. 1974 ஜனவரி 10ஆம் நாளை எவர் மறப்பர்? நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதிநாள். வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத மக்கள் வெளியிலே திரண்டிருந்தனர். பொலிசார் புகுந்து கலைத்தனர், மின்கம்பி அறுந்தது, ஒன்பது உயிர்கள் போயின. தமிழைக் கேட்க வந்தவர்கள் அவர்கள். மண்டபத்துக்கு உள்ளே யார், வெளியே யார் என்ற வினா அன்றிலிருந்து எமது அரசியலிலே இருக்கின்றது.

அண்மையிலே அதே நகரில் அவ்வினா வேறொரு கோலத்திலே எழுந்தது. 2024 பெப்ரவரி 9ஆம் நாள் முற்றவெளியிலே நடந்த பாடகர் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சியைச் சொல்லுகின்றோம். பணம் செலுத்தியோருக்கு முன்னே நாற்காலிகள். ஏனையோர் தடுப்புக்கு அப்பால். கூட்டம் பெருகிற்று, தடுப்புகள் சரிந்தன, நிகழ்ச்சி சிறிதுநேரம் நின்றது. மறுநாள் எல்லோரும் இளைஞர்களின் ஒழுங்கீனத்தைப் பற்றிப் பேசினர். பேசவேண்டியதே. ஆனால் ஓர் ஊர் தன் இளைஞர்களுக்கு ஆண்டு முழுவதும் வேறு மேடையொன்றையும் காட்டாது வைத்திருந்து, ஒருநாள் இரவிலே நட்சத்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினால், பசித்தவன் பந்தியிலே பாய்வதைப் போல அவர்கள் பாயத்தானே செய்வர்? அந்தக் கூட்டத்திலே தீவகத்து இளைஞர்களும் இருந்திருப்பர். காலையிலே படகேறி வந்து, இரவு முழுவதும் பஸ் நிலையத்திலே கண்விழித்துக் காலையிலே திரும்பக்கூடியவர்கள் அந்த வயதினர் மட்டுந்தான். அவர்களின் தாய்மாருக்கும் தங்கைமாருக்கும் அதுவும் இயலாது.

இனித் திருவள்ளுவர் பெயரைத் தாங்கிய மையத்தைப் பற்றி. 2015 மார்ச்சிலே இந்தியப் பிரதமர் அடிக்கல் நாட்டி, இந்திய மக்களின் பணத்திலே எழுந்து, 2023 பெப்ரவரியிலே கையளிக்கப்பட்ட அந்தக் கட்டிடம் பொது நூலகத்துக்கு அண்மையிலே கம்பீரமாக நிற்கின்றது. 11 மாடிக் கோபுரம்; 600க்கும் மேற்பட்டோர் அமரத்தக்க அரங்கு; ஒலியும் ஒளியும் குறைவின்றி அமைந்தவை. 2025 ஜனவரியிலே அதன் பெயர் மாற்றப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல் போய்விட்டதென்றும் தமிழுக்குரிய இடம் பலகையிலே கொடுக்கப்படவில்லை என்றும் கண்டனம் எழுந்தது. எழவேண்டிய கண்டனமே. பின்னர் யாழ்ப்பாணமும் பெயரிலே சேர்ந்தது. பலகைக்காக அவ்வளவு மன்றாடிய எமது பிரதிநிதிகளிடம் நாம் கேட்பது ஒன்றே: அந்த 600 இருக்கைகளிலே ஓர் இருக்கையிலாவது எழுவைதீவுக் கிழவி ஒருத்தி அமர்ந்து நாடகம் பார்த்தாளா? அனலைதீவாரும் நயினாதீவாரும் நெடுந்தீவாரும் யாழ்ப்பாண மாவட்டத்தவரே அன்றோ? யாழ்ப்பாணம் என்ற சொல்லைப் பலகையிலே காப்பாற்றியவர்கள் அச்சொல்லின் எல்லை எதுவரை என்பதையும் தெளிவுபடுத்துவார்களாக.

கலாசார அலுவல்களைக் கவனிக்கவேண்டிய வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. உத்தியோகத்தர்களிலே நல்லவர் உளர். விருது விழாவும் நூல் வெளியீடும் அவர்கள் நடத்துகின்றனர். ஆனால் தீவகத்துக்கு ஒரு கூத்துக் குழுவை ஏன் அனுப்பவில்லை என்று எழுந்துநின்று கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும். அந்த ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தால் யார் கேட்பது? ஆகவேதான் பத்திரிகை கேட்கவேண்டியிருக்கின்றது.

தீவுகளுக்கு நாடகம் போனதே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 1985இலே குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டு ஊரூராகச் சென்றது. வானிலே விமானமும் தெருவிலே சோதனையும் இருந்த நாட்கள் அவை. மின்சாரமின்மை, வாகனமின்மை, எரிபொருளின்மை எல்லாம் இருந்தன. இன்றைக்குச் சொல்லப்படும் சாட்டுக்களிலே பத்திலொன்றை அன்றைய இளைஞர்கள் சொல்லியிருந்தாலும் அந்த நாடகம் பல்கலைக்கழக மதிலைத் தாண்டியிராது.

இன்றுள்ள வசதிகளை எண்ணிப்பார்ப்போம். எழுவைதீவிலே முன்னர் போலப் பெற்றோல்மக்ஸ் விளக்கைத் தூக்கிக்கட்ட வேண்டியதில்லை. காற்றும் ஞாயிறும் டீசலும் சேர்ந்து மின்சாரம் தரும் கலப்பு நிலையம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2016ஆம் ஆண்டளவிலே அங்கே அமைந்தது. அயல்தீவுகளின் மின்திட்டத்துக்காகச் சீனமும் பாரதமும் 2021இலும் 2022இலும் போட்டியிட்டதையும் உலகம் பார்த்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்ற பெயர்கள் பீக்கிங்கிலும் புதுதில்லியிலும் உச்சரிக்கப்பட்டன. வல்லரசுகளின் நிலப்படத்திலே இடம்பெற்ற தீவுகள், எமது சபாக்களின் நிகழ்ச்சிநிரலிலே இடம்பெறவில்லை! மின்விளக்கு உண்டு; ஆலய முன்றில் உண்டு; கோயில் வீதி உண்டு; பாடசாலை மைதானம் உண்டு. களரிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆட்களும் இருக்கின்றனர். மருதனார்மடத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயர்தாங்கிய கலைப்பீடத்திலே இளையோர் இசையும் நடனமும் பயின்று வெளிவருகின்றனர். 1965இலே மரிய சேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தைத் தவக்காலத்திலே பல்லாயிரவருக்குக் காட்டி, கூத்தைக் கடல்கடந்த நாடுகளுக்கும் கொண்டுசென்ற நிறுவனம். நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பிலே ஒரு பாடம். அப்பாடத்தைக் கற்கும் மாணவன் கூத்தைப் புத்தகத்திலே படித்து, வட்டக்களரியின் படத்தைத் தாளிலே வரைந்து புள்ளி பெறுகின்றான். வட்டக்களரியைச் சுற்றி மனிதர் அமர்ந்திருப்பதை அவன் கண்டிலன். தீவகத்து மாணவனுக்கு இதிலே ஓர் இரட்டை நட்டம். பாடம் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பதும் அரிது.

செலவைப் பற்றிச் சொல்வார்கள். படகுக்கூலி, சாப்பாடு, தங்குமிடம், கலைஞருக்குச் சன்மானம். இவற்றை நாம் சிறிதாக மதிக்கவில்லை. குறிப்பாகக் கடைசியாகச் சொன்னதை. "தீவுக்குத்தானே, சேவையாகச் செய்யுங்கள்" என்று கலைஞரின் தலையிலே கைவைக்கும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். மத்தளம் அடிப்பவனுக்கும் வயிறு உண்டு. ஆனால் ஓர் அமைச்சர் நகரிலே விழாவொன்றுக்கு வருகின்ற நாளிலே வளைவுக்கும் மாலைக்கும் வாகன அணிக்கும் எவ்வளவு செலவாகின்றது என்பதை அறிந்தவர்கள், எழுவைதீவுக்கு ஒரு படகு பிடிக்கப் பணமில்லை என்று சொல்லும்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாவது சொல்லவேண்டும்.

அமைச்சர் என்றதும் ஓர் எச்சரிக்கை. கூத்துக் குழு போகும் படகிலே பிரமுகர்களும் ஏறிவிடுவார்கள். மங்கல விளக்கேற்ற எண்மர், வரவேற்புரைக்கு ஒருவர், தலைமையுரைக்கு ஒருவர், ஆசியுரைக்கு மூவர், சிறப்புரைக்கு இன்னும் சிலர், நன்றியுரைக்கு ஒருவர் என்று நேரம் போய், கூத்துக்கு இருபது நிமிடம் மிஞ்சும். படமெடுத்து முடிந்தவுடன் பிரமுகர்கள் தனிப்படகிலே திரும்பிவிடுவர். அத்தகைய விழாவொன்றை எழுவைதீவு கேட்கவில்லை. கூத்தாடுவோர் போகட்டும். பேசுவோர் கரையிலேயே நிற்கட்டும்.

மற்றொரு சாட்டும் உண்டு. கையடக்கத் தொலைபேசியிலே உலகத்து நாடகமெல்லாம் வந்துவிட்டதே, தீவிலிருப்பவருக்கு இனி எதற்கு மேடை என்பர். தொலைபேசியிலே அவர்கள் மற்றவர்களைப் பார்க்கின்றனர், உண்மைதான். அவர்களை யார் பார்ப்பது? எழுவைதீவுச் சிறுமி ஒருத்தி கால்சலங்கை கட்டி நூறுபேர் நடுவே நிற்கவும், அவள் அடியை மறந்து தடுமாறும்போது முன்வரிசையிலிருக்கும் பாட்டி எடுத்துக்கொடுக்கவும், தொலைபேசியிலே இடமில்லை. பாடசாலையின் தமிழ்மொழித்தினப் போட்டிக்கு அவள் போகவேண்டுமாயினும் ஆசிரியையோடு படகேறி ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். காற்று எழும்பிவிட்டால் அந்த ஆண்டுப் போட்டி அவளுக்கு முடிந்தது.

குடும்பங்கள் தீவைவிட்டுப் போவதற்குக் காரணங்களாகத் தண்ணீரையும் வைத்தியத்தையும் மேற்படிப்பையும் எல்லோரும் சொல்லுகின்றனர். அவை பெருங் காரணங்களே. அவற்றுக்கு முன் கூத்தை வைப்பதற்கு நாம் பித்தர் அல்லர். ஆயினும் இளம் பெண்ணொருத்தி தீவிலே வாழ்க்கைப்பட மறுக்கும்போது அவள் சொல்லும் சொல் "அங்கை ஒண்டும் இல்லை" என்பது. அந்த ஒன்றுமில்லை என்பதற்குள் தண்ணீர்த் தாங்கி மட்டுமா அடங்கியிருக்கின்றது? மாலையானால் போவதற்கோர் இடமில்லை, வருவதற்கொரு கூட்டமில்லை, எதிர்பார்க்க ஒரு நாளில்லை என்பதும் அதற்குள்தான் இருக்கின்றது. ஆண்டிலே ஓரிரவு ஊரெல்லாம் கண்விழித்திருக்கும் என்றால், வெளியூரிலே வேலைசெய்பவனும் அந்த நாளைப் பார்த்து லீவு எடுத்து வருவான். கோயில் திருவிழாவுக்கும் ஆலயப் பெருநாளுக்கும் இன்றும் அப்படித்தானே வருகின்றனர்?

ஆகவே எமது கோரிக்கை மிகச் சிறியது. பொதுப்பணத்திலே நடக்கும் மண்டபங்களும் மாகாணக் கலாசாரத் திணைக்களமும், தாம் ஓர் ஆண்டிலே நடத்தும் நிகழ்ச்சிகளிலே ஒன்றையேனும் படகு போகும் தீவுகளிலே நடத்தவேண்டும். எழுவைதீவிலிருந்து தொடங்கவேண்டும், ஏனெனில் சிறியதிலிருந்து தொடங்கினால்தான் பெரியதை மறக்கமாட்டார்கள். அன்றிரவு குழுவினர் அங்கேயே தங்கவேண்டும். கூத்து முழுவதுமாக, விடியுமட்டும் ஆடப்படட்டும். அதற்கு ஏற்ற ஊர் இந்நாட்டிலே எஞ்சியிருக்குமாயின் அது இதுதான். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு காட்சியிலாவது பங்கு கொடுக்கவேண்டும். ஊரிலே பழைய தருக்களை அறிந்த முதியவர் இருந்தால் அவரைக் களரியிலே இருத்திப் பாடச்செய்து பதிவுசெய்தல் வேண்டும்.

நகரத்து மண்டபங்களுக்கும் ஒரு சொல். மாதத்திலே ஒரு சனிக்கிழமை, நாடகத்தையோ இசையரங்கையோ காலை பத்து மணிக்கு வையுங்கள். முன்னைநாளிலே திரைப்படக் கொட்டகைகள் பகற்காட்சி நடத்தி நட்டப்பட்டுவிடவில்லை. பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிந்தால், எழுவைதீவாரும் அனலைதீவாரும் ஊர்காவற்றுறையிலே படகைப் பிடித்து வெளிச்சத்தோடு வீடு சேர்வர். நெடுந்தீவாருக்கும் குறிகட்டுவானிலிருந்து படகு கிடைக்கும். அந்த நாட்களிலே ஊர்காவற்றுறை இறங்குதுறையிலும் குறிகட்டுவானிலும் சுவரொட்டி ஒட்டப்படட்டும். இன்று அத்துறைகளிலே சுவரொட்டி ஒட்டுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை, வருவார் இல்லையென்று.

ஊர்காவற்றுறைப் பிரதேச சபை 2025 மே மாதத் தேர்தலிலே மக்களாலே தெரியப்பட்ட சபை. எழுவைதீவும் அனலைதீவும் அதன் பொறுப்பு. படகுக்கு ஏற்பாடு செய்வதும் இரவிலே அவசரமாயின் நோயாளரைக் கொண்டுசெல்ல ஒரு படகைத் துறையிலே நிறுத்தி வைப்பதும் குடிமக்களின் சபை செய்யவேண்டிய வேலைகள். கடற்படையின் தயவை எதிர்பார்த்து நிற்கவேண்டியவை அல்ல. கோயில் தர்மகர்த்தாக்களும் பங்குத்தந்தையும் ஒரே மேசையிலே அமர்ந்து களரியின் இடத்தைத் தீர்மானித்துக்கொள்ளட்டும். கோயில் வீதியிலே ஓராண்டு, ஆலய முன்றிலிலே மறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் எவருக்கும் மனக்குறை இராது.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கார்த்திகை, மார்கழியிலே வாடைக்காற்றும் மழையும். வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்துவிடும். இடையிலே பங்குனியும் சித்திரையும் கடல் தூங்கும் மாதங்கள். அந்த மாதங்களிலே ஆடவேண்டுமாயின் அண்ணாவியார் தைப்பொங்கலுக்கு முன்னரே சட்டம் கொடுத்தாகவேண்டும்; சபையும் திணைக்களமும் அதற்கு முன்னரே பணத்தை ஒதுக்கியாகவேண்டும். படகோட்டிகளுக்கு ஒரு மாதம் முந்திச் சொல்லிவைப்பது நல்லது. மத்தளமும் உடுப்புப் பெட்டிகளும் நனையாதபடி மூடிக்கட்டத் தறப்பாளும் வேண்டும்.